செருப்பு டப்பாவுல ஒரு தேர்தல்

வணக்கம் நேயர்களே. நான் சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு பாடம் எடுக்கிற டீச்சர். எலக்‌ஷனை இவங்களுக்கு எப்படி சொல்லித்தர்றதுன்னு பேச கூப்பிட்டிருக்காங்க. சட்டமன்றம், பாராளுமன்றம்னு ஆரம்பிச்சா ரெண்டே நிமிஷத்துல கொட்டாவி விட்டுடுவாங்க, அதனால நான் ஒரு ஏரியில இருந்துதான் ஆரம்பிப்பேன்.

கோடைக்காலம், ஏரியில தண்ணி கொஞ்சம்தான் இருக்கு, யார் எப்ப குடிக்கணும்னு முறை வைக்க ஒரு ஆள் வேணும். ஆமையும் குரங்கும் நிக்குது. ஆமை ஓட்டு கேக்க கிளம்பி பக்கத்து மரத்துக்கு போய் சேர்றதுக்குள்ள பிரச்சாரமே முடிஞ்சிடுச்சு, குரங்கு என்னடான்னா பொந்துக்கு ஒரு சீப்பு வாழப்பழம் குடுத்துட்டு வந்துடுச்சு. ஒரு குட்டிப்பொண்ணு எழுந்து ரொம்ப சீரியஸா, "டீச்சர், பழத்த தின்னுட்டு ஆமைக்கு போட்டா பாவமா?"ன்னு கேட்டா. வாழமரம் யாரோடதும்மான்னு கேட்டேன். காட்டோடதுன்னா. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப அது நம்ம பழம்தானே!"ன்னு கத்தினா பாருங்க. ஓட்டுக்கு குடுக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம்னு சட்டத்துல இருக்கிறத அதுக்கப்புறம்தான் சொன்னேன், டக்குனு புரிஞ்சுது.

கிளாஸ்ல ரெண்டு பேர ஆமையாவும் குரங்காவும் நிக்க வச்சு ஓட்டு நடத்தினேன். முதல்ல கையத் தூக்க சொன்னேன், அது என் தப்பு. குரங்கா நின்னவன் கிளாஸ்லயே பெரிய பையன், எல்லாரும் அவன் மூஞ்சிய பாத்து பாத்தே கை தூக்கினாங்க. மறுநாள் ஒரு செருப்பு டப்பாவுல ஓட்டை போட்டு பீரோவுக்கு பின்னாடி வச்சேன். ஆமை படமும் குரங்கு படமும் போட்ட சீட்டு, ஒவ்வொருத்தரா போய் டிக் அடிச்சு மடிச்சு போடணும், வெளிய வந்தா இடது கை ஆள்காட்டி விரல்ல ஸ்கெட்ச் பேனா கோடு. எண்ணிப் பாத்தா ஆமை ஜெயிச்சிருக்கு! அதே புள்ளைங்க, அதே ரெண்டு பேர், யாரும் பாக்கலைங்கிறது ஒண்ணுதான் புதுசு. ரகசிய ஓட்டு எதுக்குன்னு நான் வாயத் திறந்து சொல்லவே வேண்டியிருக்கல.

1989 சட்டமன்றத் தேர்தல்ல அதிமுக ரெண்டா உடைஞ்சு சேவலும் ரெட்டைப் புறாவும் சின்னமா நின்னத தாத்தா பாட்டிய கேட்டா கதையா சொல்லுவாங்க. இப்ப புதுசா மிருகம், பறவைய சின்னமா குடுக்கிறதில்ல, பிரச்சாரத்துக்கு உசுரோட புடிச்சிட்டு வந்து கொடுமைப்படுத்தினாங்கன்னு நிறுத்திட்டாங்க. அதக் கேட்டு கிளாஸே ஆமைக்காக கவலைப்பட்டுச்சு.

உத்திரமேரூர் கல்வெட்டு கதையும் சொல்வேன், பராந்தக சோழன் காலம், 1100 வருஷம் ஆச்சு. ஊர் சபைக்கு ஆள் எடுக்க ஓலையில பேர் எழுதி குடத்துல போட்டு, உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையனத்தான் எடுக்கச் சொல்லுவாங்க. "எங்கள மாதிரியா டீச்சர்?"னு முதல் பெஞ்சே எழுந்து நின்னுடும்.

கடைசியா அந்த குரங்கு பையன் கேட்டான், "ஆமை முறைய சரியா வைக்கலன்னா?" அடுத்த கோடைக்கு திரும்ப ஓட்டு போடுவோம்டான்னேன். வருஷம் முடிஞ்சு ரூமை சுத்தம் பண்றப்போ அந்த டப்பாவ தூக்கிப்போட போனேன், அவன் ஓடி வந்து புடுங்கி பீரோவுக்கு பின்னாடியே திரும்ப வச்சிட்டான்.