தளபதிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்டாஃப்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் இருபத்தாறு வருடம் கிளார்க் வேலை பார்த்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைவிட டைப்ரைட்டரோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். போர்க்கதை கேட்கலாம் என்று வானொலியைத் திருப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "தலைமைத் தளபதி நினைச்சா நாளைக்கே சண்டையை ஆரம்பிச்சிடலாமாண்ணே?" கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்திரிகைத் தமிழ் செய்த வேலை அது. தரைப்படைத் தலைவரின் பதவிக்கு ஆங்கிலத்தில் 'சீஃப் ஆஃப் த ஆர்மி ஸ்டாஃப்' என்று பெயர். தளபதி என்று பொருள்படும் 'கமாண்டர்' அதில் கிடையாது. நாம் அதைத் 'தலைமைத் தளபதி' ஆக்கியபோது ஸ்டாஃப் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்த ஸ்டாஃபில் ஒருவனாக இருந்தவன் என்பதால் எனக்கு இதில் சொந்த வருத்தமும் உண்டு!

ஒரு காலத்தில் அந்தப் பதவியின் பெயரிலேயே 'கமாண்டர்' இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் கமாண்டர்-இன்-சீஃப் என்றால் அதிகாரத்தில் வைஸ்ராய்க்கு அடுத்த ஆள். வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அவருக்கு இடம். டெல்லியில் அவருக்கென்று கட்டிய மாளிகைதான் பின்னாளில் தீன்மூர்த்தி பவன் ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே குடியேறியவர் பிரதமர் நேரு. வீடு கைமாறியபோதே விஷயம் பாதி புரிந்துவிடுகிறது. 1949 ஜனவரி 15-இல் கரியப்பா முதல் இந்தியக் கமாண்டர்-இன்-சீஃப் ஆனார். ராணுவ தினம் கொண்டாடுவது அதற்காகத்தான். 1955-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டது. மார்ச் 31 இரவு கமாண்டர்-இன்-சீஃபாகப் படுக்கப்போன ஜெனரல் ராஜேந்திரசிங்ஜி, ஏப்ரல் முதல் தேதி காலையில் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக எழுந்தார். படைகளின் உச்சத் தலைமை அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. அதை அவர் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடத்துவார்.

சரி, ஸ்டாஃப் என்றால் என்ன? ஒரு பட்டாலியனை ராஜஸ்தானிலிருந்து லடாக்குக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் எத்தனை பெட்டி, வழியில் எங்கே சாப்பாடு, குளிருக்கு என்ன உடுப்பு, உயரம் உடம்புக்குப் பழக எத்தனை நாள், வீட்டிலிருந்து வரும் கடிதம் எந்த ஏபிஓ (ராணுவத் தபால் நிலைய) எண்ணுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் யோசித்துக் காகிதத்தில் கொண்டுவருகிற கூட்டம்தான் ஸ்டாஃப். சண்டையை நேரடியாக நடத்துகிறவர்கள் களத்தில் இருக்கும் கமாண்டர்கள். தரைப்படையில் கமாண்டுகள் என்று ஏழு பெரும் பிரிவுகள் உண்டு. அதில் ஒன்று பயிற்சிக்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். அவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற சீஃபின் தினசரி வேலை, படையைத் தயாராக வைத்திருப்பதும் அரசுக்கு ஆலோசனை சொல்வதும்.

அந்த ஆலோசனைக்கு எவ்வளவு கனம் என்பதற்கு 1971-ஐச் சொல்லலாம். அப்போது பாகிஸ்தானிடம் இருந்த கிழக்கு வங்கத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதம். உடனே படையை அனுப்ப முடியுமா என்று இந்திரா காந்தியின் அமைச்சரவைக் கூட்டத்தில் கேட்டபோது, முடியாது என்று சொன்னதாக அப்போதைய தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும்; கோடையில் இமயமலைக் கணவாய்கள் திறந்திருக்கும், சீனா வரலாம்; டாங்கிகள் தயாராக இல்லை. அவர் நல்ல கதைசொல்லி. மசாலா கொஞ்சம் கூடியிருக்கலாம் என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எப்படியோ, போர் வந்தது டிசம்பரில்; அப்போது கணவாய்களில் பனி. பதின்மூன்று நாளில் டாக்கா விழுந்தது. சரணடைவுப் பத்திரத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? கிழக்குக் கமாண்டின் தலைவர் ஜக்ஜித் சிங் அரோரா. மானெக்‌ஷா டாக்காவில் இல்லவே இல்லை. டீக்கடையில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆலோசனையை அரசு கேட்காவிட்டால்? சீஃப் கையில் மிச்சமிருப்பது ராஜினாமா கடிதம் ஒன்றுதான். 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதிய அன்றைய தரைப்படைத் தலைவர் திம்மய்யா அதையும் கொடுத்துப் பார்த்தார். நேரு கேட்டுக்கொண்டதும் திரும்ப வாங்கிக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கியவரின் அடுத்த கடிதத்துக்கு மதிப்பு குறைந்துவிடும். ஆபீஸில் வேலை பார்த்த யாருக்கும் இது தெரியும்.

அப்புறம், மூன்று படைக்கும் பொதுவாக ஒருவர் வேண்டும் என்ற பேச்சு. கார்கில் போரை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் நம் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001-இல் அப்படி ஒரு பதவியைப் பரிந்துரைத்தது. பிபின் ராவத் அதில் அமர்ந்தபோது 2020 பிறந்துவிட்டது. ஃபைல் நகர்கிற வேகம் எனக்குப் புதிதல்ல. இந்தப் பதவியில் இருப்பவரையும் 'முப்படைத் தலைமைத் தளபதி' என்கிறோம். ஆனால் மூன்று படைத் தலைவர்களுக்கும் இவர் கட்டளையிட முடியாது. அமைச்சருக்கு ஆலோசனை சொல்வார், பாதுகாப்பு அமைச்சகத்தில் ராணுவ விவகாரத் துறையின் செயலாளராகவும் இருப்பார். மூன்று படையையும் ஒரே மாதிரி யோசிக்க வைப்பது அவர் பொறுப்பு. கட்டளையிடுவதைவிட அது கஷ்டம்.

ஸ்டாஃப் வேலை கற்றுத்தரும் கல்லூரி நம் நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேஜர்கள். சின்னம் ஆந்தை. நம் ஊரில் ஆந்தை கெட்ட சகுனம். அங்கே அது அறிவு. மானெக்‌ஷா அந்தக் கல்லூரியை நடத்தியவர். கடைசிக் காலமும் குன்னூரில்தான்; புதைத்தது ஊட்டியில். 2021 டிசம்பர் 8 அன்று ராவத் சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பியதும் அந்தக் கல்லூரியில் மாணவ அதிகாரிகளிடம் பேசத்தான். குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்தது. அந்தப் பேச்சு நடக்கவில்லை.

போன வாரம் டீக்கடையில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். கேட்டவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ அவரும் உங்கள மாதிரி ஃபைல்தான் பாக்குறாரா?" என்றார். ஆமாம் என்றேன். என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிய ஃபைல்.

வணக்கம்.