ஊர் வாயும் பிள்ளை வாயும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, இரண்டு கல்யாண வரவேற்புகளுக்கு நடுவில் நமக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, சீருடை இல்லாமல் வந்ததால் எனக்கு அடையாளம் தெரியாமல் போன காவல் ஆய்வாளர் அவர்களே, பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு இணங்க இரண்டையும் கொடுத்த செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போனில் பிள்ளைகளைக் கேலி செய்து வதைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெற்றோர் செய்ய வேண்டியது, பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது, சட்டம் சொல்வது என்று மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும்: உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பத்தா காலத்து ஊர் வாய்க்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிவிடும். இன்றைக்கு அந்த வாய் பிள்ளையின் தலையணைக்கு அடியில் விடிய விடிய விழித்துக்கொண்டிருக்கிறது.

என் தங்கை பேத்தி எட்டாம் வகுப்பு. அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். போன வருஷம் திங்கட்கிழமை தவறாமல் அவளுக்கு வயிற்று வலி. என் தங்கை ஓமத் தண்ணீர் கொடுத்தாள், பூச்சி மருந்து கொடுத்தாள், அதற்கும் அடங்கவில்லை என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். "நெடியே வரலை பாருங்கண்ணா, எவ்வளவு பெரிய கண்ணு!" என்றாள்.

இந்தச் சமயத்தில் எங்கள் காலை நடைக் குழு இருக்கிறதே, பன்னிரண்டு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், நடப்பதைவிட வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் அதிகம், அதில் யாரோ ஒரு ஸ்டிக்கர் போட்டார்கள். ஒரு குழந்தை வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறது. முறுக்கு மீசை வரைந்திருக்கிறார்கள். கீழே 'குட் நைட்'. எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. நாலு நாள் ராத்திரி எல்லாக் குழுவிலும் அதைத்தான் போட்டேன். சம்பந்திக்குக்கூட அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, போன் ஹேங் ஆகிறது, பாரம்மா என்று அவளிடம் கொடுத்தேன். தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. போனைக் கவிழ்த்து டீப்பாய் மேல் வைத்தாள். "தாத்தா, உங்களுக்குமா வந்துடுச்சு?" என்றாள். அவ்வளவுதான்.

மீசைக்குப் பின்னால் இருந்தது அவள். வகுப்பில் எவனோ எடுத்த படம். நாலு நாள் பார்த்துச் சிரித்த எனக்குத் தெரியவில்லை. ஏனம்மா சொல்லவில்லை என்றால், "சொன்னா என் போனைப் பிடுங்கிடுவீங்க" என்கிறாள். படம் போட்டவன் போனை யாரும் பிடுங்கவில்லை, நியாயத்தைப் பாருங்கள். ஊர் வாய்க்கு மூடி இல்லை என்று அப்பத்தா சொன்னது சரி. பிள்ளை வாய்க்கு மூடி செய்து வைத்திருப்பது நாம்தான்.

ஆகவே பெற்றோரே, போனைப் பிடுங்காதீர்கள். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனுப்பிய எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். பதிலுக்குத் திட்டி எழுதினால் அதையும் ஒருவன் ஸ்கிரீன்ஷாட் எடுப்பான். வகுப்புக் கேலியைப் பள்ளியில் பேசித் தீர்க்கலாம். மார்பிங், மிரட்டல் என்று போனால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பிள்ளையே கூப்பிட்டுப் பேச 1098, இரவு பகல் எந்நேரமும், காசில்லை. பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணும் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நாலு கை. அதில் ஒன்று தலைமை ஆசிரியை அம்மாவுடையது.

சரி, எண் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் நம் கிளை நூலகர். அந்த ஒரு மாதம் பேத்தி பள்ளி விட்டதும் அங்கேதான் போனாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கித் தரச் சொன்னார். மூன்றாம் நாள் அவளாகவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

அந்த நூலகம் எங்கே இருக்கிறது? உரக்கடை மாடியில், வாடகைக்கு. மழைக்காலத்தில் சிறுவர் அலமாரிக்குத் தார்ப்பாய். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-லேயே, பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம். வீட்டுக்குப் போய் ரசீதைப் பாருங்கள். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நகராட்சி இடம் சும்மா கிடப்பதாக ஊரே பேசுகிறது. உலை வாயை மூடலாம், இந்த வாயை மூட முடியாது, உறுப்பினர் அவர்களே.

செயலாளர் துண்டுச் சீட்டு நீட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். சட்டத்துக்கு ஆய்வாளர் ஐயா இருக்கிறார்.

நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கேட்கும் மனு வாசல் மேசையில், காராச்சேவுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வரியை மட்டும் காலியாக விடுங்கள். உறுப்பினர் அவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்புமுன் அதில் போடுவார். வணக்கம்.