ஆண்டு இலக்கும் அன்றாட நேரமும்

அவையோருக்கு வணக்கம்.

புத்தாண்டுத் தீர்மானம் என்றாலே சிரித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கேலியில் முழு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உளவியலாளர் ஜான் நார்கிராசும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புத்தாண்டையொட்டித் தீர்மானம் எடுத்தவர்களையும், அதே போன்ற மாற்றத்தை விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களையும் ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறாம் மாதத்தில் முதல் பிரிவினரில் 46 விழுக்காட்டினர் தங்கள் முயற்சி வெற்றியாகத் தொடர்வதாகக் கூறினர். இரண்டாம் பிரிவில் அவ்வாறு கூறியவர்கள் 4 விழுக்காட்டினரே. அவரவர் வாய்மொழியை வைத்துக் கணக்கிட்டதுதான் என்றாலும், இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது. ஆகவே, தீர்மானம் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஏன் நழுவினார்கள் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என்ன வேண்டும் என்பதை நாம் முடிவு செய்துவிடுகிறோம். அதற்கான நேரத்தை நாளின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்வதில்லை. பெரும்பாலான இலக்குகள் அங்கேதான் கெட்டுப்போகின்றன என்பது என் கருத்து. ஓராண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேர உறக்கத்திற்கே 2,920 மணி நேரம் போய்விடும். பிழைப்பு, பயணம், வீட்டு வேலை, பிள்ளைகள், முதியவர்கள் என எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் நேரம்தான். அதிலிருந்து நாளுக்கு அரை மணி நேரத்தை மீட்டெடுத்தால் ஆண்டு முடிவில் 182 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சேரும். ஒரு புதிய மொழியில் தட்டுத்தடுமாறியேனும் உரையாடத் தொடங்குவதற்கு அது பயனுள்ள அளவு. அதே அரை மணி நேரத்தை ஐந்து இலக்குகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம்தான் கிடைக்கும். ஐந்து இலக்குகளை அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஆசைப் பட்டியல், ஆண்டுத் திட்டம் அன்று. ஒன்றைச் சேர்க்கிறோம் என்றால், அதற்காக எதை விடப்போகிறோம் என்பதையும் அதே தாளில் எழுதியாக வேண்டும்.

இலக்கு திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. உளவியலாளர் எட்வின் லாக் 1968லேயே இதைக் கோட்பாடாக முன்வைத்தார். பின்னர் கேரி லாதமுடன் சேர்ந்து அதை விரிவாக வளர்த்தார். ‘முடிந்தவரை செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான அளவு குறித்துத் தரப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடித்தார்கள் என்பதே அதன் சாரம். இதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: அளவு குறிப்பிட்டால் மட்டும் போதாது, அந்த அளவு நம் கையில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். தேர்வில் முதலிடம் பெறுவேன் என்பது பிறருடைய மதிப்பெண்களையும் பொறுத்தது. ஒவ்வொரு நாளும் பத்துக் கணக்குகள் போடுவேன் என்பது என்னை மட்டுமே பொறுத்தது.

இனி, நான் சற்று நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். நாள்தோறும் மாலையில் நடப்பேன் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறார். பையை மேசைமேல் வைக்கிறார். ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கலாம் என்று நாற்காலியில் சாய்கிறார். கை தானாகக் கைபேசியை எடுக்கிறது. நிமிர்ந்து பார்க்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போகிறார். மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். ஆனால் நடந்தது என்ன? எப்போது கிளம்புவது என்ற முடிவு எடுக்கப்படாமலே இருந்தது. களைத்துப் போன ஒரு மனிதர், நாளின் மிக மோசமான நேரத்தில், அதை எடுக்க வேண்டியதாயிற்று. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதற்குச் சொல்லும் வழி எளிமையானது: இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே பிணைத்துவிடுவது. ‘வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்தவுடன், உட்காருவதற்கு முன்பே, நடைக்கான காலணியை மாட்டுவேன்’ என்பது அத்தகைய ஒரு வாக்கியம். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப் பிணைத்துக்கொண்டவர்கள் வெறும் நோக்கத்தோடு நின்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாக இலக்கை எட்டியது தெரிந்தது. ஒற்றை வாக்கியத்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. களைப்பான நேரத்தில் சிந்திக்க வேண்டிய சுமையை அந்த வாக்கியம் எடுத்துவிடுகிறது, அவ்வளவே.

வாக்கியம் ‘விடுவேன்’ என்று முடிவதைவிட ‘செய்வேன்’ என்று முடிவது நல்லது. சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் 58.9 விழுக்காட்டினரும், ஒன்றைத் தவிர்ப்பதாகத் தீர்மானித்தவர்களில் 47.1 விழுக்காட்டினரும் வெற்றி பெற்றதாகக் கூறினர்.

அடுத்தது கால அளவு. நாம் எல்லோரும் நம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டத்துக்கான ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். முடித்தவர்களுக்கு ஆனதோ 55.5 நாள். பழக்கம் படிவதற்கும் இதே கதைதான். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. யார் கணக்கு எழுதினார்களோ தெரியாது, கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள்; ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே இருபத்திரண்டாம் நாளும் ஒரு செயல் சுமையாகத் தோன்றினால், நம்மிடம் குறை எதுவும் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. தவறிய நாளைவிட, தவறியதற்குப் பிறகு நம் மனம் செய்யும் வேலையே ஆபத்தானது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேனட் பாலிவியும் பீட்டர் ஹெர்மனும் கண்டது இதைத்தான்: கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று எண்ணியவர்கள், இனி என்ன இருக்கிறது என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டார்கள். காய்ச்சல் வரும், விருந்தினர் வருவார்கள், அவசரப் பயணம் வரும். அந்த நாள்களுக்கென்று ஒரு சிறிய வடிவத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடலாம்: அரை மணி நேரப் படிப்புக்குப் பதில் ஒரு பக்கம், நீண்ட நடைக்குப் பதில் தெருமுனை வரை.

இறுதியாக, இலக்கைப் பிறரிடம் சொல்லலாமா என்ற கேள்வி. கோல்விட்சரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், நான் இன்னாராக வேண்டும் என்ற நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, அதற்காக உழைப்பது குறைந்தது; அறிவித்ததிலேயே பாதி நிறைவு வந்துவிடுகிறது போலும். மறுபுறம், 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அதை எழுதி வைக்கும்போதும் பிறருக்குத் தெரிவிக்கும்போதும் பயன் கூடுகிறது என்றும் காட்டியது. இரண்டும் முரண்படவில்லை. என்னவாகப் போகிறோம் என்று ஊருக்கு அறிவிப்பதைவிட, இந்த மாதம் எத்தனை நாள் செய்தோம் என்று ஒருவரிடம் எண்ணிக்கையைச் சொல்வது மேல். பாராட்டாமலும் திட்டாமலும், அந்த எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளக் கூடிய ஒருவராக அவர் இருந்தால் நல்லது. மூன்று மாதம் உண்மையாக முயன்றும் இலக்கே தமக்குரியது அன்று என்று தெரிந்தால், சத்தமில்லாமல் நழுவவிடாமல், இன்ன காரணத்தால் இதைக் கைவிடுகிறேன் என்று அவரிடமே சொல்லி, தேதியையும் குறித்து, அந்த அரை மணி நேரத்தை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.