முதலில் ஆறு, பிறகு வீடு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு கிழமை தங்கி மீன் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. இரணைமடுக் குளத்தங்கரையில் தங்கூசியும் மண்புழுவுமாக வளர்ந்தவன். பாரிசில் உணவகச் சமையலறையில் வேலை. லீவு கிடைத்தால் தூண்டிலோடு ஓடிவிடுவேன். அவ்வளவுதான் என் தகுதி.

நான் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் நடுவில் பிள்ளைகளின் விடுமுறைக்கு லோத் ஆற்றங்கரையில் ஒரு வீடு எடுத்தோம். பாரிசிலிருந்து காஓர் பக்கம் போக 580 கிலோமீட்டர் வரும். ஆறு அந்த நகரத்தை ஒரு வளையமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வீட்டுத் தோட்டம் முடிகிற இடத்தில் தண்ணீர். பிரோஷே மீன் பிடிப்பதற்கென்று பெட்டி நிறையப் பொய்யிரை வாங்கிப் போயிருந்தேன். பிரோஷே என்றால் வாத்து அலகு மாதிரி வாயும் வாய் நிறையப் பல்லுமாக இருக்கும் மீன், ஆங்கிலத்தில் பைக் என்பார்கள். அங்குள்ள தூண்டில் கடைக்காரர் என் பெட்டியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு சிரித்தார். ஜனவரி கடைசி ஞாயிறிலிருந்து ஏப்ரல் கடைசிச் சனி வரை அந்த மீனைப் பிடிக்கக் கூடாது. அது முட்டையிடும் காலம். அது மட்டுமில்லை, அந்த நாட்களில் பொய்யிரை, உயிர்மீன் இரை, செத்த மீன் இரை எல்லாமே பொதுவாகத் தடை. தவறிக்கூட அது மாட்டிவிடக் கூடாதாம்.

ஆக, கொண்டுபோன பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்தேன். புழு குத்தித் தக்கை போட்டுச் சின்ன மீன்கள் பிடித்ததில் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். என் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்லுவார்.

நம்மவர்கள் எல்லோரும் முதலில் வீட்டைத்தான் பார்க்கிறோம். படத்தில் நீச்சல் தடாகம் இருக்கிறதா, எத்தனை அறை, எவ்வளவு காசு. தூண்டிலுக்குப் போகிறவர் அப்படித் தொடங்கக் கூடாது. என்ன மீன் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீன் மாதத்தைச் சொல்லும், இரண்டும் சேர்ந்து எந்தத் தண்ணீர் என்று சொல்லும். வீடு கடைசியில்.

இங்கே ஆறு குளங்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலாம் வகை, துருயித் என்கிற ட்ரவுட் மீன் ஓடுகிற குளிர்ந்த நீரோடைகள். அவை மார்ச் இரண்டாவது சனிக்கிழமை திறந்து, செப்டம்பர் மூன்றாவது ஞாயிறோடு மூடிவிடும். அங்கே பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான். கடையில் டப்பாவில் விற்கிற வெள்ளைப் புழு, அஸ்திக்கோ என்பார்களே, அதுவும் முதலாம் வகைத் தண்ணீரில் தடை, மண்புழு போடலாம். இரண்டாம் வகை, பெரிய ஆறுகளும் கால்வாய்களும் ஏரிகளும். ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், நான்கு தூண்டில் வரை போடலாம். ஆனால் நான் சொன்ன பிரோஷே போல, குறிப்பிட்ட மீன்களுக்குத் தனித் தடைக்காலம் உண்டு. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மாவட்டத்திலும் பிரிஃபே என்கிற அரசாங்க அதிபர் ஆண்டுதோறும் ஆணை போடுவார். அந்தந்த மாவட்ட மீன்பிடிச் சம்மேளனத்தின் இணையப் பக்கத்தில் அது இருக்கும். பிரெஞ்சு வாசிக்கச் சிரமம் என்றால் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

மீன்பிடி அனுமதி அட்டை இல்லாமல் தண்ணீருக்குப் பக்கத்தில் தூண்டிலோடு நிற்காதீர்கள். கார்த் து பேஷ் என்று பெயர். இணையத்தில் எடுக்கலாம், தூண்டில் கடையில், சில கிராமங்களில் சிகரெட் விற்கிற தபா கடையிலும் கிடைக்கும். விடுமுறைக்குப் போகிறவருக்கு ஒரு கிழமை அட்டை போதும், 35 யூரோவுக்குச் சற்று முன்பின் வரும். தொடர்ந்து ஏழு நாட்கள் செல்லும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கிராமத்து வாடகை வீடுகளைச் சனியிலிருந்து சனி வரைக்கும்தான் பெரும்பாலும் தருவார்கள் என்பதால் கணக்கு சரியாக வரும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி அட்டை உண்டு, பத்து யூரோ கூட ஆகாது. ஊர் ஊராகத் திரிகிறவர் மட்டும் ஆண்டு அட்டை எடுக்கட்டும். அது 100 யூரோவைத் தாண்டும், ஆனால் 91 மாவட்டங்களில் செல்லும்.

அட்டை இருந்தால் எங்கும் இறங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிசிலிருந்து 300 கிலோமீட்டர் தெற்கே பிரென் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஆயிரம் குளங்களின் நாடு என்பார்கள். எங்கள் வன்னிக் குளங்களை நினைத்து எனக்கு மனம் துள்ளியது. போய்ப் பார்த்தால் குளத்துக்குக் குளம் ‘தனியார் சொத்து’ என்று பலகை. பெரும்பாலானவை மீன் வளர்க்கிற குளங்கள். குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு மீனை அள்ளி விற்பார்கள். அங்கே உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அட்டையைக் காட்டிப் பயனில்லை.

குளக்கரை ஆசை உள்ளவருக்கு நான் சொல்வது ஷாம்பாஞ் பக்கத்திலுள்ள தெர் ஏரி. பாரிசிலிருந்து 200 கிலோமீட்டர் அளவு. 1974இல் மார்ன் ஆற்று வெள்ளம் பாரிசுக்குள் வராமல் இருக்கக் கட்டியது, 4,800 ஹெக்டேர். மூன்று கிராமங்கள் அதற்குள் போய்விட்டன. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வெள்ளத்தைத் தேக்கி, கோடையில் ஆற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார்கள். அதனால் ஜூனில் நீங்கள் உட்கார்ந்த கரையிலிருந்து செப்டம்பரில் தண்ணீர் எட்டத்தில் நிற்கும், இடையில் வெறும் சேறு. குளத்து மட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வீடு பதிவு செய்யும்போது மறந்துபோகும்.

இரவு மீன்பிடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். சூரியன் உதிக்க அரை மணி முன்னிருந்து, மறைந்து அரை மணி பின் வரைதான் நேரம். கார்ப் மீனுக்கு மட்டும் சில ஆற்றுப் பகுதிகளை ஒதுக்கி இரவிலும் விடுகிறார்கள், லோத் ஆற்றில் அப்படி இடங்கள் உண்டு. இரவில் பிடித்ததை உடனே திரும்ப விட்டுவிட வேண்டும். அறுபது சென்ரிமீட்டருக்கு மேலான கார்ப்பை உயிரோடு எடுத்துப்போனால் தண்டம் 22,500 யூரோ வரை. விளையாட்டில்லை. பெரிய கார்ப்புகளைத் திருடித் தனியார் குளங்களுக்கு விற்கிற வியாபாரம் இருந்ததால் வந்த சட்டம் அது.

சரி, கறிக்கு வருவோம், அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள். இரண்டாம் வகைத் தண்ணீரில் பிரோஷே 60 சென்ரிமீட்டர், சாந்தர், ஆங்கிலத்தில் ஸாண்டர் என்கிற மீன், 50 சென்ரிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம். இவை போன்ற கொன்றுண்ணி மீன்களில் நாளுக்கு மூன்று, அதில் பிரோஷே இரண்டுக்கு மேல் கூடாது. சாந்தருக்கு முள் குறைவு, சதை வெள்ளை, தேசிக்காய் விட்டுப் பொரித்தால் பாரைக்குப் பக்கத்தில் வரும். கார்ப்பில் ஊசி முள் அதிகம். அல்சாசின் தெற்கே அதைக் கீறிப் பொரித்து விற்பதற்கென்றே உணவகங்கள் இருக்கின்றன. நான் வீட்டில் செய்து பார்த்தேன், மனைவி ஒருமுறைக்கு மேல் விடவில்லை.

ஆனால் சேன், ரோன் போன்ற பெரிய ஆறுகளின் விலாங்கு, கார்ப், சிலூர் என்கிற பெரிய கெளிறு ஆகிய மீன்களைக் கிழமைதோறும் சட்டியில் போடாதீர்கள். பழைய தொழிற்சாலைக் கழிவான பிசிபி ஆற்றுச் சேற்றில் தங்கி, இந்த மீன்களின் கொழுப்பில் சேர்கிறது. பொதுவாக மாதம் இரண்டு முறை, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சிறுமிகளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பது இந்த நாட்டு உணவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் அறிவுரை. சில இடங்களில் சாப்பிடவே தடை போட்ட காலமும் உண்டு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இப்போதைய தூண்டில் தடிகள் கார்பனில் செய்தவை, மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே நின்று தடியைத் தூக்காதீர்கள், இடி முழங்கினால் கீழே வைத்துவிட்டு எட்டப் போங்கள்.

நாங்கள் இந்த முறை மே கடைசியில் மறுபடி லோத் ஆற்றுக்கே போகிறோம். பிரோஷே திறந்திருக்கும், அந்தப் பெட்டியும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. வீடு மட்டும் இன்னும் பார்க்கவில்லை, நேற்றிரவும் மனைவி ஏசினார்.

வணக்கம்.