ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓட்டப் பந்தயத்துக்கு

வணக்கம் நேயர்களே. பத்து வருடமாகக் காலையில் ஓடுகிறவன் நான். கூட ஓடுகிறவர்களிடம் "நாளைக்கு வராதீங்க, நல்லா தூங்குங்க" என்று சொன்னால், ஏதோ கைமாற்று கேட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது எமில் ஜாட்டோபெக் கதையைத்தான்.

செக்கோஸ்லோவாகியாக்காரர். 400 மீட்டர் வேகமாக, பிறகு கொஞ்சம் மெதுவாக, மறுபடி வேகமாக என்று ஒரே நாளில் நாற்பது தடவை ஓடிப் பழகிய மனிதர். 1950-இல் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நெருங்குகிற நேரம் பார்த்து, சாப்பிட்டது கெட்டுப்போனதாக இருந்து, சுமார் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எழுந்து போய் ஓடினால் 10,000 மீட்டரில் தங்கம், அதுவும் இரண்டாவது ஆளை ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் விட்டு; 5,000 மீட்டரிலும் தங்கம். (இதைக் கேட்டுவிட்டு யாரும் பழைய பிரியாணியைத் தேடிப் போக வேண்டாம்.)

பல மாதம் சேர்த்த பலம் இரண்டு வாரத்தில் கரைந்துவிடாது, ஆனால் அதை மூடிக்கொண்டிருந்த களைப்பு போய்விடும். இன்றைக்கு மாரத்தான் ஓடுகிறவர்கள் கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் அதே கணக்குதான். எடை தூக்கும்போது தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் ஏற்படுகிறது, அதைச் சரிசெய்ய உடம்புக்கு ஒன்றிரண்டு நாளாவது வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு டம்பெல்லைத் தூக்குகிறவரிடம் எந்தப் புரோட்டீன் பவுடரைப் பற்றிப் பேசுவது?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான். நாற்பது நாள் இடைவெளியே இல்லாமல் ஓடினேன், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நான்கு நாள் ஓடினேன். அப்புறம் ஒன்றரை மாதம் ஓட்டமே இல்லை.

இப்போது காலையில் எழுந்திருக்கும் முன்பே, படுத்தபடி மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுகிறேன். வழக்கத்தைவிட ஐந்தாறு கூடுதலாக இருந்தால் ஓட்டம் கிடையாது, நடைதான். இன்றைக்கு எட்டு கூடுதல். சரி, வானொலி நிலையம் வரைக்கும் நடந்தே போகலாம் என்று வந்துவிட்டேன்.