சும்மா உட்கார்ந்திருக்கற வேலை

வணக்கம் மக்களே. இதே வீடியோவ இன்னிக்கு நான் மூணாவது தடவையா எடுக்கறேன். முதல் தடவை மைக் ஆன் பண்ணவே இல்ல. ரெண்டாவது தடவை ஆன்லதான் இருந்துச்சு, ஆனா பக்கத்து வீட்டுல டிரில் போட ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப நிறுத்தியிருக்காங்க. எவ்வளவு நேரத்துக்குன்னு தெரியாது, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன வாரம் எங்க பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தாரு. நான் இந்த லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு இருக்கேன். அவர் சோபால சாஞ்சுக்கிட்டு, "உனக்கென்னப்பா, கேமராவப் பார்த்து நாலு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுது. சும்மா உட்கார்ந்திருக்கற வேலை"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வாய் அடங்குமா? "உங்களோடத விடவா பெரியப்பா? முப்பது வருஷம் லைப்ரரில உட்கார்ந்து புத்தகம் படிச்சதுக்குச் சம்பளம் வாங்கினவராச்சே நீங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. கோபம் வந்தா அவர் அப்படித்தான். அப்புறம், "டூட்டி நேரத்துல நான் முழுசாப் படிச்ச புத்தகம் எத்தனைன்னு கேளு"ன்னாரு. கேட்டேன். "ஒண்ணுகூட இல்ல."

அதுலேருந்துதான் இந்த வீடியோ. நாம யாரப் பார்த்தெல்லாம் "அவருக்கென்ன, சும்மா உட்கார்ந்திருக்காரு"ன்னு சொல்றோமோ, அவங்க உண்மையில என்ன பண்றாங்க? பெரியப்பாவ கடைசில பார்ப்போம். முதல்ல நான் மானத்த வாங்கிக்கிட்ட இன்னொரு கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் ஃபைலோட ஒரு அம்மா ரூமுக்கு வந்தாங்க. வாயத் திறங்க, நாக்க நீட்டுங்க, தலைய அண்ணாந்து பாருங்க, பல்லு ஏதாவது ஆடுதா, தூக்கத்துல குறட்டை உண்டா, இதுக்கு முன்னாடி மயக்கம் கொடுத்திருக்காங்களா, வீட்டுல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போச்சா... அடுக்கடுக்கா கேள்வி. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, ரொம்ப மரியாதையா, "டாக்டர் எப்ப மேடம் வருவாங்க?"ன்னு கேட்டேன். அவங்க சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல. "நான்தான் டாக்டர். நாளைக்கு உங்களுக்கு மயக்கம் கொடுக்கப் போறது நான்தான்"னாங்க.

மயக்க மருந்து டாக்டர்னா ஒரு ஊசி போட்டுட்டு கிளம்பிடுவாங்கன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். நெஜம் என்னன்னா, முழு மயக்கம்ங்கறது தூக்கமே இல்ல. பெரிய ஆபரேஷன்ல தசையத் தளர்த்தற மருந்தும் சேர்த்துக் கொடுப்பாங்க. அது மூச்சு விடற தசையையும் சேர்த்து நிறுத்திடும். அதாவது அந்த நேரத்துல நீங்களா மூச்சு விடல. உங்களுக்காக வேற ஒருத்தர் மூச்சப் பார்த்துக்கறாரு. குரல்வளை வழியா குழாய் இறக்கணும், அது எவ்வளவு சுலபமாப் போகும்னு கணிக்கத்தான் அந்த நாக்கு நீட்டற பரீட்சை எல்லாம். ஆடற பல்லு கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள விழுந்துடக்கூடாதுன்னுதான் பல்லப் பத்தின கேள்வி. ஆபரேஷனுக்கு முன்னாடி 6 மணி நேரமாவது திட உணவு கூடாதுன்னு சொல்றாங்கல்ல, அது ஏதோ வயித்தச் சுத்தம் பண்றதுக்குன்னு நினைச்சிருந்தேன். மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து, அதுக்குத்தான்.

எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். ஆபரேஷன் தியேட்டர்னாலே ஒரு பீப் பீப் சத்தம் கேட்குமே, அது சும்மா நாடித்துடிப்ப எண்ணறது மட்டும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்போட சுருதி கீழ இறங்கும். டாக்டர் குனிஞ்சு மருந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க, திரையப் பார்க்கவே மாட்டாங்க, ஆனா காது அங்கதான் இருக்கும். சுருதி கொஞ்சம் இறங்கினா கை நின்னுடும். விரல்ல மாட்டற அந்த ஆக்சிமீட்டரோட அடிப்படைய 1974-ல கண்டுபிடிச்சது டகுவோ அயோயாகின்னு ஒரு ஜப்பான் இன்ஜினியர். அதுக்கு முன்னாடி? உதடும் நகமும் நீலமாகுதான்னு கண்ணாலதான் பார்க்கணும். நீலம் தெரியறப்ப ரொம்ப லேட் ஆகியிருக்கும்.

சரி, எல்லாம் ஒழுங்காப் போகுது, ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே ஆகல. அப்ப அவங்க சும்மாதானே இருக்காங்க? நியாயமான கேள்வி. இத 1948-லயே ஒருத்தர் சோதிச்சுப் பார்த்திருக்காரு. நார்மன் மேக்வொர்த், பிரிட்டிஷ் உளவியலாளர். போர்ல ரேடார் பார்க்கறவங்க ஏன் சிக்னலத் தவற விடறாங்கங்கறதுதான் அவருக்கு இருந்த பிரச்சினை. கடிகாரம் மாதிரி ஒரு கருவி செஞ்சாரு. எண் கிடையாது, ஒரே ஒரு முள்ளு. விநாடிக்கு ஒரு அடி நகரும். எப்பவாவது ஒரு தடவை ரெண்டு அடி சேர்த்துத் தாவும். தாவினா பட்டன அமுக்கணும். ரெண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி நேரத்துக்குள்ளயே ஆளுங்க கோட்டை விட ஆரம்பிச்சுட்டாங்க. சோம்பேறிங்க இல்ல, பயிற்சி எடுத்த ஆளுங்கதான். ஒண்ணுமே நடக்காத ஒரு விஷயத்த விடாமப் பார்த்துக்கிட்டே இருக்கறது மனுஷ மூளைக்கு அவ்வளவு கஷ்டம்.

இதத் தெரிஞ்சுக்கிட்டப்புறம் நீச்சல் குளத்துல உயரமா ஒரு நாற்காலில உட்கார்ந்திருப்பாரே, உயிர்காக்கும் காவலர், லைஃப்கார்டு, அவர நான் வேற கண்ணோட பார்க்கறேன். வெயில்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு ஜாலியா இருக்காருன்னு தோணும். அதோட இன்னொரு தப்பான எண்ணமும் இருக்கு: யாராவது மூழ்கினா கைய ஆட்டிக் கத்துவாங்க, இவர் குதிச்சுப் போய்க் காப்பாத்துவாருன்னு. பெரும்பாலும் அப்படி நடக்கறதில்ல. நெஜமா மூழ்கற ஆளால கத்த முடியாது. வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த ஒரு கணம் மூச்சு இழுக்கவே பத்தாது. கை தானா ரெண்டு பக்கமும் தண்ணிய அழுத்தும், மேல தூக்கி ஆட்டாது. தள்ளி நின்னு பார்த்தா ஏணி ஏறற மாதிரி இருக்கும். 20-லேருந்து 60 விநாடி, அவ்வளவுதான் நேரம். சத்தமே இருக்காது. நூறு பேர் கூச்சல் போட்டு விளையாடற தண்ணில, கூச்சல் போடாத ஒரு ஆளக் கண்டுபிடிக்கணும். அதான் வேலை. 10 விநாடியில கண்டுபிடி, 20 விநாடியில போய்ச் சேருன்னு ஒரு கணக்கே சொல்லிக் கொடுப்பாங்க. அவங்க அடிக்கடி ஆள் மாத்திக்கறதப் பார்த்துட்டு "பாரு, அதுக்குள்ள ரெஸ்ட்டு"ன்னு சொல்லாதீங்க. மேக்வொர்த் கடிகாரத்த நினைச்சுக்கோங்க.

தீயணைப்பு வீரருங்களுக்கும் இதேதான், ஒரே வரியில சொல்லிட்டுப் போறேன். சினிமால எரியற வீட்டுக்குள்ள எல்லாம் பளிச்சுன்னு தெரியும். நெஜத்துல கரும்புகையில தன் கையே தெரியாது, சுவரத் தடவிக்கிட்டே தவழ்ந்து போவாங்க.

விமானத்துக்கு வருவோம். விமானப் பணிப்பெண், பணியாளர்... தட்டு கொடுக்கறவங்க, சிரிக்கறவங்க, அப்படித்தானே? புது விமான மாடலுக்கு அனுமதி வாங்கணும்னா, பாதிக் கதவ மட்டும் பயன்படுத்தி மொத்தப் பேரையும் 90 விநாடியில வெளியேத்த முடியும்னு நிரூபிக்கணும். அந்த 90 விநாடிக்குத்தான் அவங்க வேலைல இருக்காங்க. தட்டு கொடுக்கறது மிச்ச நேரத்துக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் அவங்க அந்த மடக்கு சீட்டுல கம்முன்னு உட்கார்ந்திருப்பாங்க, கவனிச்சிருக்கீங்களா? அப்ப மனசுக்குள்ள ஒரு ஒத்திகை ஓடும். என் கதவு எது, எப்படித் திறக்கணும், என்ன கத்தணும், பக்கத்துல உதவிக்கு யார் இருக்கா. ஜன்னல் திரைய ஏத்தி விடச் சொல்றது இயற்கைக் காட்சிக்கு இல்ல. வெளியில நெருப்பு இருக்கான்னு பார்க்கத் தெரியணும், அந்தப் பக்கம் கதவு திறக்கக்கூடாதுன்னு முடிவெடுக்கணும்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா விமான நிலையம். தரையிறங்கின ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைல நின்ன கடலோரக் காவல் படை விமானத்து மேல மோதிடுச்சு. அந்தச் சின்ன விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் இறந்துட்டாங்க. பெரிய விமானம் தீப்பிடிச்சு எரியுது. அறிவிப்பு செய்யற சிஸ்டம் வேலை செய்யல. மெகாஃபோன எடுத்துக்கிட்டாங்க, தொண்டையால கத்தினாங்க. 8 கதவுல 3 தான் உபயோகமாச்சு. உள்ள இருந்த 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. எத்தனையோ வருஷம் தட்டு மட்டுமே கொடுத்துட்டு ரிட்டயர் ஆகிறவங்கதான் இந்தத் தொழில்ல அதிகம். அவங்களும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒத்திகைய ஓட்டிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

உட்கார்ந்து பண்ற வேலைல எனக்கு ரொம்பப் பயமா இருக்கறது இன்னொண்ணு. கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, ஒருத்தர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கறவங்க. "ரெண்டு மொழி தெரிஞ்சா போதுமே"ன்னு நானும் சொல்லியிருக்கேன். ஒரு தடவை நண்பர் ஒருத்தருக்காக அஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணிப் பார்த்தேன். நம்ம தமிழே கழுத்தறுத்துடுச்சு. "இந்த ஒப்பந்தத்துல சொல்லியிருக்கற எல்லா நிபந்தனைகளையும் எங்கள் குழு முழு மனசோட..." இது வரைக்கும் பேசியாச்சு. ஏத்துக்குதா, ஏத்துக்கலையா? வினை கடைசிலதானே வரும்! இல்லைங்கற சொல்லும் கடைசிலதான். இங்கிலீஷ்ல சொல்லணும்னா முதல்லயே தெரிஞ்சாகணும். காத்திருந்தா பின்தங்கிடுவோம், ஊகிச்சுச் சொன்னா மாட்டிக்குவோம். நான் ஊகிச்சேன். மாட்டிக்கிட்டேன். இந்த வேலைய ஒருத்தரால 20-30 நிமிஷத்துக்கு மேல தரமாச் செய்ய முடியாது, அதனாலதான் கூண்டுல ரெண்டு பேர். பேசாம இருக்கறவர் சும்மா இல்ல, வர்ற எண்களையும் பெயர்களையும் துண்டுத் தாள்ல எழுதி நகர்த்திக்கிட்டு இருப்பாரு. இந்த முறை பெரிய அளவுல வந்ததே 1945-ல, நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணைல. நாலு மொழி. பேசறவர் வேகமாப் போனா மஞ்சள் விளக்கு எரியும், மெதுவாப் பேசுன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சா நிறுத்து. என் வீட்டுல சில பேருக்கு அந்த மஞ்சள் விளக்கு வாங்கி வைக்கணும்.

ஒண்ணு சொல்லிடறேன், எல்லா வேலையும் பயங்கரக் கஷ்டம்னு உருட்டறது என் நோக்கம் இல்ல. நெஜமாவே சும்மா உட்கார்ந்திருக்கறவங்களும் இருக்காங்க. நானே பார்த்த ஆபீஸ்ல ரெண்டு பேர் இருந்தாங்க. பேர் வேண்டாம்.

இப்ப பெரியப்பா. நூலகர் வேலை சும்மா வேலைன்னு நினைச்ச முதல் ஆள் நான் இல்ல. இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற எஸ். ஆர். ரங்கநாதனே அப்படித்தான் நினைச்சாரு! கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா சேர்ந்தாரு. சேர்ந்த கொஞ்ச நாள்லயே சலிப்புத் தாங்காம பழைய வேலைக்கே போறேன்னு நின்னாரு. அப்புறம் லண்டனுக்குப் படிக்க அனுப்பினாங்க, அங்க போய்த்தான் ஆள் மாறினாரு. 1931-ல நூலக அறிவியலோட அஞ்சு விதிகள், 1933-ல கோலன் பகுப்பு முறை, அதாவது புத்தகங்கள விஷயவாரியாப் பிரிச்சு அடுக்கற ஒரு முறை. உலகம் முழுக்க நூலகம் படிக்கறவங்க இன்னிக்கும் அவர் பேரச் சொல்றாங்க.

பெரியப்பா சொன்னதுல எனக்குப் பதிஞ்சது ஒண்ணுதான். "எடுத்த புத்தகத்த மேசையிலயே வைக்கவும், அலமாரியில வைக்காதீர்கள்"னு போர்டு இருக்கும்ல? நமக்கு அடுக்கத் தெரியாதுன்னு கேவலப்படுத்தறாங்கன்னு நினைச்சிருந்தேன். பாதி அதுதானாம்! திருட்டுப் போன புத்தகத்துக்குப் பதிலா இன்னொண்ணு வாங்கலாம். தப்பான வரிசைல வச்ச புத்தகம், பதிவேட்டுப்படி இருக்கு, ஆனா யாருக்கும் கிடைக்காது. சில சமயம் வருஷக்கணக்குல. மீதி பாதிக் காரணம், மேசைல கிடக்கறத எண்ணினாத்தான் எந்தப் புத்தகத்த ஜனங்க எடுத்துப் பார்க்கறாங்கன்னு தெரியும், யாரும் வீட்டுக்குக் கொண்டு போகாட்டியும். இந்த முப்பது வருஷமும் தினம் சாயங்காலம் அவர் மேசைகளப் பார்த்துக்கிட்டே நடந்திருக்காரு. எங்களுக்கு அது வாக்கிங் போற மாதிரி தெரிஞ்சுது.

மன்னிப்பு கேட்டுட்டு, "சரி, நீங்களும் என் வேலையப் பாருங்க"ன்னு பக்கத்துல சேர் போட்டு உட்கார வச்சேன். எடிட்டிங். 14 விநாடி துண்டு ஒண்ணு, அதுல என்னோட ஒரு இருமல். இருமல வெட்டினா பின்னாடி ஃபேன் சத்தம் குதிக்குது. அதச் சரி பண்ணினா உதடு ஒட்டல. திரும்ப முதல்லேருந்து. பெரியப்பா கண்ணாடியக் கழட்டாம நாற்பது நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் எழுந்து, "இதுக்கு நான் புத்தகமே அடுக்கியிருக்கலாம்"னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துட்டாரு.

ஐயோ, டிரில் ஆரம்பிச்சுட்டாங்க. கேட்குதா? போதும், கட் பண்றேன்.