கணக்கு நோட்டும் கேடயமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை கடைத்தெருக்களில் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் காப்பரிசிக்கான வெல்லமும் வந்து இறங்கும் நேரம். நாலு கடை ஏறி வாங்க நேரமில்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் கவனிக்கிறாள். ஒரு படையலுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே பையில் கட்டி, விலை வைத்து, பதினெட்டாம் பெருக்கன்று காலைக்குள் சரக்கு தீர்கிற மாதிரி எத்தனை பை கட்டலாம் என்று முடிவு செய்கிறாள். வாங்குபவரைப் படித்தது, பொருளுக்கு வடிவம் கொடுத்தது, விலை வைத்தது, அளவைக் கணித்தது, எல்லாம் அதில் இருக்கிறது. சந்தைப்படுத்தல் என்று சொல்வது இதைத்தான். ஆனால் வீட்டில் கேட்டால், "கடையில கூடமாட ஒத்தாசையா இருக்கு" என்பார்கள்.

இந்த வேலைக்கு விருது கொடுப்பதானால் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், விண்ணப்பிக்கும் பெண் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த விருதுகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆண்களின் விளம்பரச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காததால், 1912இல் நியூயார்க்கில் விளம்பரத் தொழில் செய்த பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த எர்மா ப்ரோட்ஸ், டப்பாப் பால் விற்பனைக்காகச் செய்த விளம்பரங்களுக்கு 1920களில் மூன்று முறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விளம்பர விருது பெற்றார். அந்தப் பாலை வைத்து என்னென்ன சமைக்கலாம் என்று சோதனைச் சமையலறையில் செய்து பார்த்து, பிறகு அதை வானொலி நிகழ்ச்சியாகவும் கொண்டுபோனார். வாங்குபவர் அடுப்பங்கரையில் பொருள் என்ன ஆகிறது என்று பார்த்தவர் அவர். அமெரிக்க விளம்பரத் துறையின் புகழ் மண்டபத்தில் முதல் பெண்ணாக அவர் பெயர் ஏறியது 1952இல். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.

1968இல் நியூயார்க்கில் தொடங்கிய எஃபி விருது வேறொரு கேள்வியைக் கேட்டது. விளம்பரம் அழகாக இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, அதனால் வியாபாரத்தில் என்ன நடந்தது என்று கேட்டது. இன்று இந்தத் துறையில் நம்பத்தகுந்த எந்த விருதானாலும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

நம் மாநிலத்தில் மகளிர் தினத்தையொட்டி ஔவையார் விருது தருகிறார்கள். சுய உதவிக் குழுக்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் மணிமேகலை விருது இருக்கிறது. முன்னது சேவையைப் பார்க்கிறது. பின்னது குழு நடக்கும் ஒழுங்கை, சேமிப்பு, கடன் திருப்பம், கணக்கு இவற்றைப் பார்க்கிறது. இரண்டும் வேண்டியவை. ஆனால் குழு தயாரித்த அவலை யார் யாருக்கு எப்படி விற்றார் என்பது இந்த விண்ணப்பங்களில் ஒரு வரியாகச் சுருங்கிப் போகிறது. அதைத் தனியே எடுத்துக்காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவர் தலையில்தான் விழுகிறது.

எப்படிக் காட்டுவது? ஒரு கணக்கு சொல்கிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான்.

மாப்பிள்ளைச் சம்பா அவல், 500 கிராம் பொட்டலம். போன வருடம் மாதம் 400 பொட்டலம், 45 ரூபாய் விலை, ஆக 18,000 ரூபாய். இந்த வருடம் 520 பொட்டலம், 60 ரூபாய், ஆக 31,200. "விற்பனை 73 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதிவிட்டு நிறுத்தினால் நடுவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பிரித்துக் காட்ட வேண்டும். கூடுதலாக வந்த 13,200 ரூபாயில், அதிகம் விற்ற 120 பொட்டலத்தால் பழைய விலைக்கு வந்தது 5,400. விலையை 15 ரூபாய் ஏற்றியதால் வந்தது 7,800. அதாவது விலையை ஏற்றியும் வாங்குபவர் ஓடவில்லை, விற்பனை கூடவே செய்தது. சாதனை அங்கேதான் இருக்கிறது. விலையை ஏற்றும் துணிச்சல் எதனால் வந்தது என்பதை விண்ணப்பத்தின் அடுத்த பத்தியில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு செலவு. பொட்டலத்துக்கு அடக்கம் 31 ரூபாயிலிருந்து 38 ஆனது என்று வையுங்கள். பொட்டலத்துக்கு மிஞ்சுவது 14இலிருந்து 22 ஆகிறது. மாதத்துக்கு 5,600 மிஞ்சியது இப்போது 11,440. லேபிள், மாதிரிப் பொட்டலம், பார்சல் கூலி, கடைக்காரர் கமிஷன் என்று விற்பதற்காகப் புதிதாகச் செய்த செலவு மாதம் 2,600 என்றால், கூடுதலாக மிஞ்சிய 5,840இல் அதைக் கழித்து 3,240 ரூபாய். முதல் வரியில் இருந்த 13,200க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். சின்னத் தொகைதானே என்று கூச வேண்டாம். நேர்மையான 3,240க்கு இருக்கும் மதிப்பு 73 சதவீதத்துக்குக் கிடையாது.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைக்கு அனுப்பிய சரக்கை விற்ற சரக்காக எழுதிவிடுவது. மன்னார்குடிக் கடை ஒன்று 100 பொட்டலம் எடுத்தது என்றால் அது இன்னும் விற்பனை ஆகவில்லை, அலமாரி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தீட்டாத சிவப்பரிசி அவலில் தவிட்டின் எண்ணெய் இருக்கிறது. வெள்ளை அவலைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பை சரியாக ஒட்டாவிட்டால் நமத்தும் போகும். அனுப்பியது 100, திரும்பி வந்தது 18 என்றால் விற்பனை 82தான். திரும்பி வந்ததற்குக் காரணம் எழுதி, அதற்காகப் பையை மாற்றியதையும் எழுதினால் விண்ணப்பத்துக்கு அதுவே பலம். மறைத்தால் ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும்.

அடுத்தது மாதக் கணக்கு. நம் ஊர் வியாபாரம் பண்டிகையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அவலுக்குக் கிருஷ்ண ஜெயந்தியும் சரஸ்வதி பூஜையும் வந்தால் கையிருப்பு தானாகக் கரையும். அந்த மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சரஸ்வதி பூஜை சில வருடம் புரட்டாசியில் வரும், சில வருடம் ஐப்பசியில் வரும். ஆகவே பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரத்தைத் தனியாக எடுத்து, பண்டிகையோடு பண்டிகையை ஒப்பிடுங்கள். மிச்ச நாட்களைத் தனியாகப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அப்படிப்பட்ட ஒரு காலத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் யார் விற்றாலும் ஏற்றம் தெரியும். தொடக்கம் சாதாரண வருடமாக இருக்கட்டும்.

கண்காட்சி விற்பனையும் அப்படித்தான். சரஸ் மேளாவில் ஸ்டால் போட்டுப் பத்து நாளில் விற்றது நல்ல வருமானம். ஆனால் அங்கே வாங்கியவர்களில் எத்தனை பேர் பிறகு போன் செய்து மறுபடி வாங்கினார்கள் என்பதுதான் சந்தைப்படுத்தலின் கணக்கு. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வாங்கியவர் பெயர் அல்லது போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், எத்தனை பொட்டலம், முதல் தடவையா மறுதடவையா, யார் சொல்லி வந்தார். ஐந்து பத்தி. வருடம் முழுக்க எழுதினால், 60 புது ஆள் வந்ததில் மூன்று மாதத்துக்குள் 21 பேர் திரும்பினார்கள் என்று உங்களால் சொல்ல முடியும். வாட்ஸ்அப் குழுவில் 900 பேர் இருக்கிறார்கள் என்று சொல்வதைவிட அந்த 21 பெரிது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். இதையெல்லாம் செய்தது அந்தப் பெண்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

உணவுப் பாதுகாப்புப் பதிவு கணவர் பெயரில். கடை வாசலில் ஒட்டிய கியூஆர் அட்டை மகன் கணக்கில். பில் புத்தகத்தில் மாமனார் பெயர். விருதுக் குழு ஆவணத்தைத்தான் பார்க்கும். ஆவணம் முழுக்க ஆண் பெயராக இருந்தால், அந்தப் பெண் இத்தனை வருடம் யோசித்தது எல்லாம் காகிதத்தில் இல்லாமலே போகிறது. இது விருதுக்காக மட்டும் சொல்வதில்லை, கடன் கேட்கப் போனாலும் இதே கதைதான். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். ஆதாரை வைத்துத் தன் பெயரிலேயே செய்யலாம். தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை. வியாபாரத்துக்கென்று தன் பெயரில் தனி வங்கிக் கணக்கு, அதற்கு இணைத்த கியூஆர். உடனே மாற்ற முடியாத குடும்ப வியாபாரம் என்றால், உங்களிடம் சரக்கு வாங்கும் மூன்று கடைக்காரரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசுவது யார், புகார் சொன்னால் பதில் சொல்வது யார் என்று அவர்கள் எழுதித் தரட்டும். கடைக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

குழுவாக இருந்தால் தீர்மானப் புத்தகம்தான் முதல் சாட்சி. "ஒரு கிலோ பொட்டலம் தேங்குகிறது, அடுத்த மாதம் முதல் அரைக் கிலோ போடுவது" என்று தேதியோடு, ஊக்குநரும் பிரதிநிதியும் உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்ட தீர்மானம் ஒன்று இருந்தால் போதும். பலன் தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டது அது. விருது அறிவிப்பு வந்த பிறகு உட்கார்ந்து எழுதும் பத்துப் பக்கத்துக்கு அந்த நம்பகம் வராது.

லேபிளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர் நெட்டி வேலை போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதனால் அந்த ஊரில் விற்கிற எல்லோரும் அந்தக் குறியைப் போட்டுக்கொள்ளலாம் என்றாகாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் "எங்கள் பொருள் புவிசார் குறியீடு பெற்றது" என்று விண்ணப்பத்தில் எழுதினால் மற்ற பக்கங்களின் மேலும் சந்தேகம் வரும்.

விருது கொடுப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் ஒரு வணிகர் சங்கமோ, கல்லூரியோ, ரோட்டரி போன்ற சங்கமோ இப்படி ஒரு விருது தொடங்க நினைத்தால், விண்ணப்பப் படிவத்திலிருந்து "தாங்கள் கடந்து வந்த துயரங்கள்" என்ற பகுதியை எடுத்துவிடுங்கள். ஆண் வியாபாரிக்கு விருது கொடுக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. அவளுடைய கண்ணீருக்கு மதிப்பெண் போட்டால் அவளுடைய புத்திக்குப் போட இடம் இருக்காது. நூறு மதிப்பெண்ணில், வாங்குபவரைப் புரிந்துகொண்ட விதத்துக்கு 25, எடுத்த முடிவு அவருடையதுதானா என்பதற்கு 25, பலன் கணக்குக்கு 30, ஒரு வருடம் கழித்தும் நிற்கிறதா என்பதற்கு 20 என்று பிரிக்கலாம். பலனை மொத்தத் தொகையில் பார்க்காமல் அவரவர் தொடங்கிய இடத்திலிருந்து பாருங்கள். இல்லையென்றால் பெரிய நிறுவனத்துச் சந்தைப் பிரிவு மேலாளரிடம் வேதாரண்யம் கருவாட்டுக்காரம்மா எப்போதும் தோற்பார். இருவரையும் ஒரே பிரிவில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. மூன்று நடுவர்கள், ஒருவர் மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல் போட்டு முடித்த பிறகே கூடிப் பேச வேண்டும். முன்பே கூடினால், முதலில் வாயைத் திறந்தவர் பின்னாலேயே மற்ற இருவரும் போய்விடுகிறார்கள். நடுவரில் ஒருவராவது தினமும் சரக்கு வாங்கி விற்பவராக இருக்கட்டும்.

போலி விருதுகளும் சுற்றுகின்றன. நீங்கள் விண்ணப்பிக்காமலே "தேர்வாகிவிட்டீர்கள்" என்று போன் வரும். கேடயத்துக்கு இவ்வளவு, மேடைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையான தொழில் விருதுகளும் இருக்கின்றன. ஆனால் அவை நடுவர் பெயரையும் விதிகளையும் முன்கூட்டியே வெளியிடும், ஜெயித்ததற்கு விலை கேட்காது. ஜெயித்த பிறகு பணம் என்றால் போனை வைத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல லேபிள் அடிக்கலாம்.

நோட்டை இந்த ஆடியிலேயே தொடங்குங்கள். அடுத்த ஆடி வந்தால் ஒப்பிட ஒரு முழு வருடம் கையில் இருக்கும். விண்ணப்பம் எழுதும்போது, என்ன நிலை இருந்தது, என்ன கவனித்தேன், என்ன மாற்றினேன், என்ன ஆனது, எது பலிக்கவில்லை என்ற வரிசையில் இரண்டு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தின் நகல், வங்கிக் கணக்கு விவரம், பழைய பொட்டலமும் புதுப் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படம், இவை பின்னிணைப்பு. அசல் எதையும் அனுப்ப வேண்டாம். கடைசியில், வியாபாரம் தெரியாத ஒருவரிடம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமானாலும் சரி, கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நிறுத்தி "இது என்னம்மா?" என்று கேட்கிறார்களோ, அந்த வரியை மட்டும் திருத்தி அனுப்புங்கள்.

வணக்கம்.